தோளுக்கு ஏற்ற துப்பாக்கி: குறி தவறாத ஆன்னி ஓக்லி

உயரம் 5 அடி. எடை 100 ராத்தலுக்குக் கொஞ்சம் அதிகம். கூட்டத்தில் நின்றால் கண்ணுக்கே தெரிய மாட்டார். ஆனால் அவர் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டால், கூடியிருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுவிட மறந்துபோவார்கள்.

அவர்தான் ஆன்னி ஓக்லி. அமெரிக்காவில் 1860-ல் பிறந்து, 1926-ல் மறைந்த பெண்மணி. குறி பார்த்துச் சுடுவதில் அவருக்கு நிகர் அவரே என்று உலகம் புகழ்ந்தது.

துப்பாக்கி என்றால் நமக்கெல்லாம் அதன் சத்தம்தான் நினைவுக்கு வரும். சுட்டுப் பழகியவர்களைக் கேட்டால் வேறு ஒன்றைச் சொல்வார்கள். அது துப்பாக்கியின் உதை. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வந்து தோளில் இடிக்கும். படகிலிருந்து கரைக்குத் தாவிக் குதித்தால் படகு பின்னால் நகருகிறதல்லவா? அதைப் போலத்தான் இதுவும். குண்டு பெரிதாக இருந்தால் உதையும் பெரிது. மருந்து அதிகமானால் உதையும் அதிகம்.

ஆறடி ஆள் அந்த உதையைத் தோளில் வாங்கிக்கொண்டு சிரிப்பான். நோஞ்சான் உடம்புக்காரர் என்ன செய்வது? அதுவும் நாளொன்றுக்கு நூறு தடவை, இருநூறு தடவை சுட்டால்தான் அன்றைய சாப்பாடு என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வது?

ஆன்னியின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கேள்வி கூடவே வந்தது.

சுவரில் தொங்கிய துப்பாக்கி

ஒகாயோ மாநிலத்தில் டார்க் என்று ஒரு மாவட்டம். அங்கே காட்டோரத்தில் ஒரு மரக் குடிசை. அதில் 1860 ஆகஸ்டு 13-ந் தேதி பிறந்தாள் அந்தப் பெண். பெற்றோர் வைத்த பெயர் பீபி ஆன் மோசஸ். வீட்டில் எல்லோரும் ஆன்னி என்று கூப்பிட்டார்கள்.

பெற்றோர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். சண்டையும் ஆயுதமும் கூடாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அந்த வீட்டில் பிறந்த பெண்தான் துப்பாக்கியால் பெயர் வாங்கினாள். விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது!

தகப்பனார் ஜேக்கப் ஒரு குளிர்காலத்தில் சாமான் வாங்க வெளியூர் போனார். திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். வீடு வந்து சேர்ந்தபோது கைகள் விறைத்திருந்தன. அதிலிருந்து அவர் தேறவில்லை. 1866-ல் காலமானார். ஆன்னிக்கு அப்போது ஆறு வயது கூட நிரம்பவில்லை. வீடு நிறையக் குழந்தைகள். கையில் காசு இல்லை. தாயார் சூசன் தவித்துப் போனாள்.

அடுப்புக்கு மேலே தகப்பனாரின் பழைய நீண்ட துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு வயதில் ஆன்னி அதைக் கீழே இறக்கினாள். வேலியோரம் வந்த ஒரு பிராணியைச் சுட்டாள். குறி தவறவில்லை. யாரும் அவளுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

இதை ஒட்டி ஒரு கதை உண்டு. தம்பி ஜானுக்கு அக்காள் துப்பாக்கி தொடுவது பிடிக்கவில்லையாம். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் இரட்டிப்பு மருந்து கெட்டித்து அவள் கையில் கொடுத்தானாம். ஓர் உதை வாங்கினால் அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாள் என்பது அவன் எண்ணம். தன் தொப்பியை மேலே வீசினான். ஆன்னி சுட்டாள். தொப்பியில் ஓட்டை விழுந்தது. தம்பியின் திட்டம்தான் பலிக்கவில்லை. கதை எவ்வளவு தூரம் மெய்யோ, பின்னாளில் மருந்தின் அளவு விஷயத்தில் ஆன்னி காட்டிய கண்டிப்பைப் பார்த்தால், இது நடந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஓநாய்களின் வீடு

வறுமை முற்றியது. பத்து வயதுச் சிறுமியை ஏழைகள் விடுதிக்கு அனுப்பினாள் தாய். அங்கே ஆன்னி தையல் கற்றாள். பூவேலை கற்றாள். பிறகு ஒரு குடியானவர் குடும்பம் அவளை வீட்டு வேலைக்கு அழைத்துப் போயிற்று. நல்ல சம்பளம், படிப்பு என்று ஆசை காட்டினார்கள். கிடைத்ததோ அடியும் பட்டினியும்தான். ஒரு நாள் தைத்துக்கொண்டிருக்கும்போது அசதியில் தூங்கிவிட்டாள் என்று, கொட்டுகிற பனியில் வெறுங்காலோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள் எஜமானி.

அந்தக் குடும்பத்தின் பெயரை ஆன்னி கடைசி வரை வெளியிடவில்லை. ஓநாய்கள் என்று மட்டும் குறிப்பிடுவாள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பொறுத்தாள். பிறகு ஓடிவந்துவிட்டாள்.

வீடு திரும்பியவள் மறுபடியும் துப்பாக்கியை எடுத்தாள். இப்போது விளையாட்டுக்கு அல்ல, பிழைப்புக்கு. காடை, காட்டுக்கோழி, முயல் இவற்றைச் சுட்டுக் கிரீன்வில் ஊர்க் கடைக்குக் கொடுப்பாள். அங்கிருந்து அவை சின்சினாட்டி நகர ஓட்டல்களுக்குப் போகும். ஆன்னி அனுப்பும் பறவைகளுக்குத் தனிக் கிராக்கி. தலையில் மட்டுமே சுட்டிருப்பாள். இறைச்சியில் ரவை இருக்காது. சாப்பிடுகிறவர் பல்லில் ஈயம் கடிபடாது.

15 வயதில் வீட்டின் மேல் இருந்த 200 டாலர் அடமானக் கடனை அடைத்துவிட்டாள். அன்று அடைந்த ஆனந்தத்தைப் போல் வேறெந்த நாளும் அடைந்ததில்லை என்று வயதான காலத்திலும் நினைவுகூர்வாள்.

தோற்றவர் மாப்பிள்ளை ஆனார்

பிராங்க் பட்லர் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். ஊர் ஊராகப் போய்ச் சுட்டுக் காட்டிப் பிழைப்பவர். சின்சினாட்டியில் தங்கியபோது, உள்ளூரில் யார் வந்தாலும் வெல்வேன் என்று 100 டாலர் பந்தயம் கட்டினார். ஓட்டல்காரர் ஒருவர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்தால், கட்டை கவுன் போட்ட ஒரு சின்னப் பெண்!

பிராங்க் ஒரு பறவையைத் தவறவிட்டார். ஆன்னி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

தோற்ற மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணுக்கும் அவள் வீட்டாருக்கும் தம் காட்சியைப் பார்க்க இலவச டிக்கெட் கொடுத்தார். பிறகு கடிதம் எழுதினார். கவிதை எழுதினார். கல்யாணமும் நடந்தது. இது 1870-களின் நடுவிலா, 1880-களின் தொடக்கத்திலா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஐம்பது வருஷத்துக்குச் சற்று முன்பின்னாக அவர்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

1882-ல் பிராங்க்கின் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஆன்னி மேடை ஏறினார். மேடைக்காக ஓக்லி என்ற பெயரை வைத்துக்கொண்டார். சனங்கள் மனைவியைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது பிராங்க்குக்குச் சீக்கிரமே புரிந்தது. தாம் சுடுவதை நிறுத்திக்கொண்டார். மனைவிக்கு உதவியாளர் ஆனார். துப்பாக்கி துடைப்பார். குறிப்பொருளை வீசுவார். கணக்கு எழுதுவார். வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அதன் நுனியை ஆன்னி சுட்டு வீழ்த்துவார்! அந்தக் காலத்து ஆண்பிள்ளை ஒருவர் மனமுவந்து இப்படிப் பின்னுக்குப் போனது அதிசயம்தான்.

5,000 கண்ணாடி உருண்டை

அப்போது அமெரிக்காவில் பபலோ பில் என்பவரின் காட்சி மிகவும் பிரபலம். குதிரைகள், காட்டெருமைகள், செவ்விந்தியர்கள், மாடு மேய்க்கும் வீரர்கள் எல்லாம் உண்டு. சர்க்கஸ் போல ஊர் ஊராகப் போகும். அதில் துப்பாக்கி வித்தை காட்டி வந்தவர் பொகார்டஸ் என்ற பெரிய வீரர். 1885-ல் அவர் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு ஆன்னி மனுச் செய்தார்.

பபலோ பில் தயங்கினார். திறமையில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் உடம்பைப் பற்றித்தான். பொகார்டஸ் தூக்கிய துப்பாக்கிகள் பெரும் கனம். இந்தச் சின்ன உடம்பு தினமும் அதைத் தூக்குமா? உதையைத் தாங்குமா? ஒரு வாரத்தில் படுத்துக்கொண்டால் காட்சி என்ன ஆவது?

அதே 1885-ல் ஆன்னி ஒரு காரியம் செய்தார். மேலே வீசப்படும் கண்ணாடி உருண்டைகள் 5,000. ஒரே நாளில் சுடுவது என்று ஏற்பாடு. தோட்டா போடுவதும் அவரே. ஒன்பது மணி நேரம் விடாமல் சுட்டார். 4,772 உருண்டைகள் தூளாயின.

கணக்குப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஒன்பது வெடிக்கு மேல்! ஏறக்குறைய ஆறரை விநாடிக்கு ஒரு உதை. அப்படி 5,000 உதை. மறுநாள் தோள் என்ன பாடு பட்டிருக்கும்?

இங்கேதான் ஆன்னியின் புத்தி தெரிகிறது. அன்று அவர் கையில் இருந்தவை மூன்று 16 போர் துப்பாக்கிகள். ஆண்கள் அதிகமாக வைத்துக்கொள்ளும் 12 போரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

போர் என்பது என்ன? ஒரு ராத்தல் ஈயத்தை எடுத்துச் சரிசமமாக 12 உருண்டை செய்யுங்கள். அதில் ஒரு உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். அதே ஈயத்தை 16 உருண்டை செய்தால் ஒவ்வொன்றும் சிறியது. அது நுழையும் குழல் 16 போர். ஆக, எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். குழல் சிறுத்தால் போடுகிற மருந்தும் ரவையும் குறையும். உதையும் குறையும்.

உதை வாங்கும் தோள் வலிப்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. உதைக்கு மனம் பயந்துவிடும். விசையை இழுக்கப் போகும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும். தோள் சுருங்கும். குழல் நுனி ஒரு மயிரிழை நகரும். அவ்வளவுதான், குறி போயிற்று. பலசாலிகளும் இதற்குத் தப்பியதில்லை.

ஆன்னிக்கு வேலை கிடைத்தது. பதினாறு வருஷ காலம், நடுவில் கொஞ்ச நாள் தவிர, அந்தக் காட்சியின் நட்சத்திரமாக இருந்தார். நிற்க வைத்த சீட்டை அதன் விளிம்பில் சுட்டு இரண்டாகப் பிளப்பார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே முதுகுப்புறமாகச் சுடுவார். ஓடும் குதிரை மேலிருந்து சுடுவார். கால்சட்டை அணிய மாட்டார். தாமே தைத்த பாவாடைதான் உடை. குதிரையிலும் பெண்கள் அமரும் ஒருபக்கச் சேணத்தில்தான் அமர்வார். வேலை முடிந்ததும் கூடாரத்தில் உட்கார்ந்து பூவேலை செய்வார்.

சிட்டிங் புல் என்ற செவ்விந்தியத் தலைவர் 1884-லேயே அவர் சுடுவதைப் பார்த்து வியந்து, தம் மகளாக ஏற்றுக்கொண்டார். குறி தவறாத சின்னவள் என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார்.

லண்டன் கடைக்காரர்

1887-ல் விக்டோரியா மகாராணியின் பொன்விழா. பபலோ பில் காட்சி கப்பலேறி லண்டன் போயிற்று. மகாராணி நேரில் வந்து பார்த்தார். ஆன்னியை அழைத்துப் பாராட்டினார். பத்திரிகைகள் எல்லாம் அவர் புகழ் பாடின.

ஆனால் ஒரு சங்கடம். அங்கே பெரிய மனிதர்களின் கிளப்புகளில் புறா சுடும் பந்தயம் நடக்கும். அது இன்று பார்த்தால் கொடுமையான விளையாட்டு. அப்போது அதுதான் நாகரிகம். ஆங்கிலேயர் விட்ட மாடப்புறாக்கள் அம்பு போலப் பறந்தன. அமெரிக்காவில் அத்தனை வெற்றி கண்ட ஆன்னியிடமிருந்து பறவைகள் தப்பிச் சென்றன. வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆன்னிக்கு அவமானம்.

லண்டன் நியூ பாண்ட் தெருவில் சார்லஸ் லங்காஸ்டர் என்ற பெயரில் ஒரு துப்பாக்கிக் கடை. அந்தப் பெயருடைய ஸ்தாபகர் எப்போதோ காலமாகிவிட்டார். கடையை நடத்தியவர் தார்ன் என்ற நிபுணர். அவரையும் ஊரார் லங்காஸ்டர் என்றே அழைத்தார்கள். அவர் ஆன்னியையும் பார்த்தார், அவர் கையிலிருந்த துப்பாக்கியையும் பார்த்தார். சுடுகிறவரிடம் குறை இல்லை, துப்பாக்கிதான் அவருக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். அது கனம் அதிகம், அளவும் சரியில்லை.

செருப்பு வாங்கப் போனால் காலை அளக்கிறோம். சட்டை தைக்கப் போனால் தோளை அளக்கிறோம். துப்பாக்கிக்கு மட்டும் அளவு வேண்டாமா? தோளில் பதியும் கட்டையிலிருந்து விசை வரை உள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும். குட்டைக் கைக்காரர் நீளக் கட்டையை எடுத்தால் அது அக்குளில் தட்டும். அவசரத்தில் தோள் குழியில் உட்காராது. கட்டையின் ஒரு மூலை மட்டும் எலும்பில் பட்டு நிற்கும். அப்போது வருகிற உதை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். கட்டை முழுவதும் தோளில் படிந்தால் அதே உதை பரவிப் போகும். உள்ளங்கையால் தள்ளுவதற்கும் ஒற்றை விரலால் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

தார்ன் ஆன்னிக்கு அளவெடுத்துத் துப்பாக்கி செய்து கொடுத்தார். மொத்தம் நான்கு. இரண்டு 20 போர். ஒவ்வொன்றின் எடை 5 ராத்தல் 2 அவுன்ஸ், அதாவது நம் கணக்கில் சுமார் 2 கிலோ 300 கிராம். மற்ற இரண்டும் 12 போர். அவை 6 ராத்தல். சுமார் 2 கிலோ 700 கிராம். பின்னர் ஆன்னி அந்தக் கடைக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றில் இந்த எடைகளைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும். லேசான துப்பாக்கி அதிகமாக உதைக்கும். மருந்து ஒரே அளவாக இருந்தால் இதுதான் விதி. அப்படியானால் உதைக்குப் பயந்தவர் கனமான துப்பாக்கியை அல்லவா எடுக்க வேண்டும்? கனத்தை எடுத்தால் இன்னொரு கஷ்டம். பறவை இடமிருந்து வலமாக மின்னல் போலப் போகிறது. குழலும் அதோடு சுழல வேண்டும். கனமான குழல் சின்னக் கைக்குச் சுழலாது. பத்துப் பதினைந்து தடவைக்குள் கை சோர்ந்துவிடும்.

ஆகவே ஆன்னி துப்பாக்கியின் எடையைக் குறைத்தார். கூடவே தோட்டாவில் போடும் மருந்தையும் ரவையையும் குறைத்தார். இரண்டையும் சேர்த்துக் குறைத்ததில்தான் ரகசியம். பலத்துக்குப் போன குறையைக் குறியால் நிரப்பிக்கொண்டார். பெரிய 12 போர் தேவைப்பட்ட பந்தயங்களுக்கும் 6 ராத்தலுக்கு மேல் போகவில்லை. அதற்குப் பிறகு இங்கிலாந்துப் புறாக்கள் அவரிடமிருந்து தப்புவது அரிதாயிற்று.

ரிவால்வரிலும் அவர் சமர்த்தர். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் பெரிய ரக ரிவால்வர் ஒன்று தங்கமுலாம் பூசி அவரிடம் இருந்தது. நீளக் குழல், கனத்த இரும்பு. ரிவால்வருக்குத் தோளின் ஆதரவு கிடையாது. மணிக்கட்டு ஒன்றுதான் தாங்க வேண்டும். சுட்டால் நுனி மேலே துள்ளும். அங்கே கனம் நல்லது. பெரிய குண்டு போடும் ரிவால்வரை லேசாகச் செய்தால் மணிக்கட்டு முறியும் போல் இருக்கும். தோளில் வைப்பது லேசாக, கையில் பிடிப்பது கனமாக! முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றினாலும் யோசித்தால் நியாயம் விளங்கும். பறவையைத் துரத்துவது துப்பாக்கி. அசையாமல் நிற்கும் குறிக்குத்தான் பெரும்பாலும் ரிவால்வர்.

பாவாடைக்குள் வெடிமருந்து

துப்பாக்கிக்கு அடுத்தபடி மருந்து. அந்த நாளில் எல்லோரும் போட்டது கறுப்பு மருந்து. புகை மண்டும். குழலில் கரி படியும். ஆன்னிக்குப் பிடித்தது ஷுல்ட்ஸே என்ற புது மருந்து. மரத் துகளை அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்வது. புகை சொற்பம்.

1889-ல் காட்சி பாரிஸ் போயிற்று. பிரெஞ்சு அரசாங்கம் அந்நிய மருந்தை உள்ளே விடாது. உள்ளூர் மருந்தை நம்பினால் ஒரு தோட்டா ஒரு மாதிரி உதைக்கும், இன்னொன்று வேறு மாதிரி உதைக்கும். ஆன்னி என்ன செய்தார் தெரியுமா? வெந்நீர்ப் பைகளில் மருந்தை நிரப்பினார். அந்தக் காலப் பெண்கள் பாவாடையின் பின்பக்கம் உப்பலாக வைத்துக் கட்டுவார்களே, அதற்குள் ஒளித்துக்கொண்டார். இன்னும் சில பெண்களும் உதவினார்கள். சுங்க அதிகாரிகள் எப்படிச் சோதனை போடுவார்கள்! இந்தக் கூத்தை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். சட்டத்துக்கு விரோதம்தான், அதை நாம் மெச்சவில்லை. மருந்து விஷயத்தில் அவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பது இதிலிருந்து தெரிகிறது.

புது மருந்தில் ஆபத்தும் உண்டு. கறுப்பு மருந்து என்று நினைத்து, வேறு ரக மருந்தைக் கண்மதிப்பாகப் போட்டுக் குழல் வெடித்துக் கை இழந்தவர்கள் அந்தக் காலத்தில் பலர். ஆன்னி தம் தோட்டாக்களின் அளவைப் பிறரிடம் விடவில்லை. தாம் உபயோகித்த மருந்துகளைப் பற்றி 1914-ல் ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார்.

பெயருக்கு வந்த கேடு

1901 அக்டோபரில் வட கரோலினாவில் அவர்கள் சென்ற ரயில் மற்றொரு ரயிலோடு மோதியது. ஏராளமான குதிரைகள் மாண்டன. ஆன்னிக்கு முதுகில் அடி. அதோடு பபலோ பில்லிடமிருந்து விலகினார்.

அதைவிடப் பெரிய அடி 1903-ல் விழுந்தது. ஹெர்ஸ்ட் என்ற பெரிய முதலாளியின் பத்திரிகையில் ஒரு செய்தி. ஆன்னி ஓக்லி போதைப் பொருள் வாங்குவதற்காகத் திருடி, சிக்காகோவில் தண்டனை பெற்றார் என்று! நாடு முழுவதும் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. பிடிபட்டவள் வேறு யாரோ. ஆன்னியின் பெயரைச் சொல்லி ஏமாற்றியவள்.

பல பத்திரிகைகள் மன்னிப்புக் கேட்டன. ஆன்னிக்கு அது போதவில்லை. 55 பத்திரிகைகள் மீது வழக்குத் தொடுத்தார். ஏழு வருஷம் ஊர் ஊராகக் கோர்ட்டு ஏறினார். 54 வழக்கில் அவர் பக்கம் தீர்ந்தது. கிடைத்த நஷ்டஈடு செலவுக்கே போயிற்று என்பார்கள். ஓநாய்களின் வீட்டில் பனியில் நின்ற சிறுமி பாடுபட்டுச் சேர்த்த ஒரே சொத்து அந்தப் பெயர். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

பெண்களுக்குப் பாடம்

1915 முதல் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற உல்லாச ஊரில் கணவனும் மனைவியும் குளிர்காலங்களைக் கழித்தார்கள். அங்கே வரும் பெண்களுக்கு ஆன்னி சுடக் கற்றுக் கொடுத்தார். கட்டணம் வாங்கவில்லை. வாழ்நாளில் 15,000 பெண்களுக்காவது அவர் கற்றுக் கொடுத்திருப்பார் என்று ஒரு கணக்கு.

பெண்ணுக்குத் துப்பாக்கி ஆகாது என்ற பேச்சை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. கணவனின் துப்பாக்கியை, அண்ணனின் துப்பாக்கியை எடுத்து ஒரு தடவை சுட்டு, தோள் கன்றிப் போய், இது நமக்கு வேண்டாம் என்று விடுகிற பெண்கள் அன்றும் இருந்தார்கள். பெண்ணுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஆணுக்காக அளந்து செய்த துப்பாக்கிதானே! குழந்தையைத் தூக்கப் பழகுவது போல இயல்பாகப் பழக வேண்டியது இது என்பது ஆன்னியின் எண்ணம். இரவில் தனியே போகும் பெண் ரிவால்வரைக் கைப்பையின் அடியில் போட்டு வைப்பதில் பயன் இல்லை என்றும் அவர் எச்சரித்தார். ஆபத்து வந்த பிறகு பையைத் துழாவ நேரம் ஏது?

1898-ல் ஸ்பெயினோடு யுத்தம் வந்தபோது, 50 பெண் வீரர்களோடு வருகிறேன் என்று ஜனாதிபதி மக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். அரசாங்கம் ஏற்கவில்லை. முதல் உலக யுத்தத்திலும் அப்படியே கேட்டார். அப்போதும் இல்லை என்று விட்டார்கள். அதனால் ராணுவ முகாம்களுக்குப் போய்ச் சுட்டுக் காட்டினார். டேவ் என்ற அவர்கள் நாயும் கூடப் போயிற்று. அதன் தலையில் ஆப்பிளை வைத்து ஆன்னி சுடுவார். நாய் அசையாது. கைக்குட்டையில் முடிந்து ஒளித்து வைத்த பணத்தை மோப்பம் பிடித்துக் கண்டெடுக்கும். பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய்ச் சேரும்.

1922-ல், அறுபதைத் தாண்டிய வயதில், பைன்ஹர்ஸ்டில் 16 கெஜ தூரத்தில் நின்று 100 களிமண் தட்டுகளை வரிசையாக உடைத்தார். ஒன்று கூடத் தவறவில்லை. அந்த வருஷ முடிவில் புளோரிடாவில் மோட்டார் விபத்து. இடுப்பு எலும்பு முறிந்தது. காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு நடக்கும்படி ஆயிற்று. தேறியதும் அந்தப் பட்டையோடேயே மறுபடியும் சுட வந்தார்.

வாங்கிய தங்கப் பதக்கங்கள் பலவற்றை உருக்கி விற்றார். பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்தார். அனாதைப் பெண்கள் சிலர் அவர் செலவில் படித்தார்கள். அவருக்குச் சொந்தக் குழந்தை இல்லை.

1946-ல் நியூயார்க்கில் அவர் கதையை இசை நாடகமாகப் போட்டார்கள். பெரிய வெற்றி. அதில் ஆன்னி, காதலன் மனம் கோணாமல் இருக்க வேண்டுமென்று கடைசிப் பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்கிறாள். நாடகத்துக்கு அது அழகாக இருக்கலாம். நடந்தது அப்படியல்ல. ஆன்னி தோற்றுக் கொடுக்கவில்லை. பிராங்க்கும் அப்படிக் கேட்கவில்லை.

1926 நவம்பர் 3-ந் தேதி கிரீன்வில் ஊரில் ஆன்னி ஓக்லி காலமானார். வயது 66. மனைவி போன பிறகு பிராங்க் தேறவில்லை. 18-வது நாள் அவரும் கண்ணை மூடினார். டார்க் மாவட்டத்திலேயே, பிராக் என்ற இடத்துக் கல்லறையில் இருவரும் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள்.